சங்கிலி விதியை ஒப்பித்த வழக்கு

1

அந்தப் பதிவுத் தபால் வந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் இருப்பவர்கள் கல்யாண நாளை ஞாபகம் வைத்திருப்பார்கள், புது வீட்டில் பால் காய்ச்சின நாளை ஞாபகம் வைத்திருப்பார்கள். எனக்கு மனசில் நிற்பது இந்தத் தபால் வந்த நாள்தான். பிரான்சில் பதிவுத் தபாலில் நல்லது எதுவும் வராது. கையெழுத்து வாங்கும்போதே தபால்காரர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

பல்கலைக்கழகத்து ஒழுங்கு நடவடிக்கைக் குழு அனுப்பியிருந்தது. ஜனவரியில் நடந்த பகுப்பாய்வுக் கணிதப் பரீட்சையில் நான் மோசடி செய்திருப்பேன் என்று சந்தேகமாம். என் விடைத்தாளில் ஒரு பகுதி, பேராசிரியர் அச்சடித்துக் கொடுத்த குறிப்போடு ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகிறதாம். போனையோ துண்டுச் சீட்டையோ பார்த்து எழுதியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குற்றம் உறுதியானால் சில வருஷங்களுக்கு இந்த நாட்டில் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. எனக்கு வயது நாற்பத்தாறு. சில வருஷம் போனால் என் கணக்கில் எல்லாமே போன மாதிரி.

நான் காப்பி அடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது அதைவிடக் கேவலமான காரியம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

2

நாற்பத்தாறு வயதில் உனக்கு எதற்குப் படிப்பு என்று கேட்பீர்கள். என் அக்கா கேட்டுவிட்டாள், அக்காவின் மாமியார் கேட்டுவிட்டார், காரைக்கால் பக்கம் எங்கள் கிராமம் போலகத்தில் கேட்காத வீடு இல்லை.

"வாணி பிரான்சுல இருக்கா" என்று சொல்லிக்கொள்வதில் உங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. வாணி பிரான்சில் ஒரு நடுநிலைப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு அடுக்குகிறாள். என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் என்ன நிறம் என்றுதான் கேட்டார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட், நிறம் சரியாக இருந்தது, முகூர்த்தம் குறித்தார்கள். அவர் நல்ல மனுஷர், பார்சல் கிடங்கில் வண்டி ஓட்டுகிறார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பி.எஸ்ஸி. கணிதம் முதல் வகுப்பில் தேறிய ஒருத்தி இருபத்தைந்து வருஷமாகக் கேரட் துருவலைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாளே என்று உங்களில் யாருக்காவது தோன்றியதா? தோன்றாது.

எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் மாசக்கணக்கில் காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் கணக்கு வகுப்பு நேரத்தில் மைதானத்தில் திரிந்தார்கள். ஒருநாள் வரிசையில் தட்டோடு வந்த தலைமை ஆசிரியையிடம், நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள் என்று சொன்னேன். "அப்படியா மதாம், எங்கே?" என்றார். காரைக்கால் என்றேன். அழகாகச் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேரட் வைக்க முடியுமா என்று கேட்டார்.

அந்தச் சிரிப்புதான் என்னைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டது. பட்டத்துக்குச் சமானச் சான்று வாங்கப் போனேன். ஒவ்வொரு தாளுக்கும் கோர்ட்டில் சத்தியம் செய்து பதிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நம் ஊர் மதிப்பெண் பட்டியலில் துணைப் பாடமாகப் படித்த இயற்பியலை 'அலைடு பிசிக்ஸ்' என்று போட்டிருப்பார்களே, அதை அந்த மகானுபாவர் உலகப் போரில் ஜெயித்த நேச நாடுகளின் இயற்பியல் என்று மொழிபெயர்த்து முத்திரை குத்திவிட்டார். அதையும் ஓர் அதிகாரி வாசித்து, தலையாட்டி, கோப்பில் வைத்தார். ஏழு மாசம் கழித்துப் பதில் வந்தது. என் பட்டம் இங்குள்ள பட்டத்தோடு 'ஒப்பிடத்தக்கது', ஆனால் ஆசிரியர் வேலைக்குப் போதாது. இங்கே நாங்கள் இருக்கிற ஊரின் சின்னப் பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். முதல் வருஷத்திலிருந்து சேர்ந்து மூன்று வருஷம் தேறினால் ஆசிரியர் தேர்வுக்கு உட்காரலாம் என்றார்கள்.

சேர்ந்தேன். சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டடம், அவ்வளவுதான் பல்கலைக்கழகம். கணிதத்தில் மொத்தம் இருபத்து மூன்று பேர். அதில் இருபத்திரண்டு பேருக்கு என் மகளைவிடச் சின்ன வயது. முதல் நாள் நான் உள்ளே போனதும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியை வந்துவிட்டதாக நினைத்தார்களாம்.

3

காரைக்காலில் நாங்கள் கணிதம் படித்த லட்சணத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

ரியல் அனாலிசிஸ் எடுத்த மேடம் ஒரு பழுப்பு நோட்டோடு வருவார். பலகையைப் பார்த்து நிற்பார். நோட்டில் இருப்பது பலகைக்குப் போகும், பலகையில் இருப்பது எங்கள் நோட்டுக்கு வரும். இரண்டு இடத்திலும் அது யார் மண்டைக்குள்ளும் புகாமல் பத்திரமாகப் போய்ச் சேரும். மணி அடித்ததும் சாக்பீஸைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். மூன்று வருஷத்தில் அவர் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என் பக்கத்தில் உட்காருகிற ஃபரீதா ஒரு தடவை எழுந்து நின்றாள். காரைக்கால் டவுன்காரி, அவள் அத்தா சிங்கப்பூர்ச் சரக்கு வியாபாரம், பயம் கொஞ்சம் கம்மி. "மேடம், அந்த மூணாவது வரி ஏன் அப்படி வருது?" என்று கேட்டாள்.

மேடம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். "அந்தக் கேள்வி எந்த வருஷமும் வந்ததில்லையேம்மா" என்றார். திரும்பிப் பலகையில் நாலாவது வரியை எழுதினார்.

நாங்களும் அதில் கெட்டிக்காரிகள் ஆனோம். ஐந்து யூனிட்டில் மூன்று யூனிட் படித்தால் போதும் என்று தெரியும். எந்தத் தேற்றம் போன வருஷம் வந்தது, எது இந்த வருஷம் வரும் என்று தெரியும். கைடில் கட்டம் போட்டிருந்தால் அது முக்கியம், கட்டத்துக்குள் இருப்பதை அட்சரம் விடாமல் ஏற்ற வேண்டும். ஒரு வரி விட்டால் ஒரு மார்க் போச்சு. நான் போலகத்திலிருந்து காலேஜுக்கு வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, 'கிவன் எப்சைலான் கிரேட்டர் தேன் ஜீரோ, தேர் எக்சிஸ்ட்ஸ் டெல்டா' என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன். அந்த எப்சைலான் யார், டெல்டா யார், அவர்களுக்குள் என்ன உறவு என்று நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில் வருகிற ஒரு பெரியம்மா என்னிடம் தினமும் எந்தச் சாமி ஸ்லோகம் என்று கேட்பார். நான் எல்லாச் சாமிக்கும் பொது என்று சொல்லிவைப்பேன்.

முதல் வகுப்பு வாங்கினேன். எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். கணிதம் என்ற ஒரு பொருள் இருக்கிறது, அதை யோசித்துப் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியாமலேயே நான் கணிதப் பட்டதாரி ஆனேன்.

4

இப்போது சங்கிலி விதிக்கு வருகிறேன். கணக்கு தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு உட்கார்ந்திருந்தால் அதை எப்படி வகையிடுவது என்று சொல்கிற விதி அது. அதற்கு எட்டே வரியில் ஒரு நிரூபணம் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தப்பு. ஆறாவது வரியில் ஓர் அளவால் வகுக்கிறார்கள், அந்த அளவு சில சமயம் பூஜ்ஜியமாகிவிடலாம். பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

எங்கள் பேராசிரியர் தாடி வைத்த, ஒல்லியான, குரலே வெளியே வராத மனிதர். அவர் கொடுத்த குறிப்பில் இந்தத் தப்பான நிரூபணத்தை வேண்டுமென்றே கட்டம் கட்டிப் போட்டிருந்தார். மாணவர்கள் வருஷா வருஷம் விழுகிற குழி என்பதால், வகுப்பில் அதைப் பிரித்து மேய்ந்து காட்டுவதற்காக. கட்டத்தின் அடியில் 'நம்பிவிட்டீர்களா?' என்று ஒரு வரி. சரியான நிரூபணம் அடுத்த பக்கத்தில், கட்டம் இல்லாமல், நீளமாக, பார்க்கவே சகிக்காமல் கிடந்தது.

அவர் அந்தக் கட்டத்தைப் பிரித்துக் காட்டிய அன்றைக்கு நான் வகுப்பில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் குறைவு என்று கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டில் குறிப்பைப் புரட்டினேன். கட்டம் இருந்தது. எனக்கு வேறென்ன வேண்டும். கட்டத்துக்கு வெளியே இருப்பதை நான் ஜென்மத்தில் படித்ததில்லை. மூன்று நாள் சமையலறையில் நடந்து நடந்து அந்த எட்டு வரியைப் பிரெஞ்சில் ஏற்றினேன். பரீட்சையில் அதே கேள்வி வந்ததும் காரைக்கால் ரத்தம் துள்ளியது. மடமடவென்று எழுதினேன். எட்டு வரியையும் எழுதி, ஒரு வரி விட்டால் ஒரு மார்க் போய்விடுமே என்று, அடியில் 'நம்பிவிட்டீர்களா?' என்பதையும் எழுதினேன்.

அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? காப்பியும் அடித்துவிட்டு என்னையே கேலியும் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார். நான் அவர் இடத்தில் இருந்தால் தபாலோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

5

விசாரணைக்குத் துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்று போட்டிருந்தது. என் மகள் சஹானா சட்டம் படிக்கிறாள், பக்கத்துப் பெரிய ஊரில். மாசத்துக்கு ஒரு தடவை வந்து துணி துவைத்துக்கொண்டு போவாள். என்னோடு அவள் பேசுகிற தமிழ் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டு வந்தது. இதற்காக லீவு போட்டுவிட்டு, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, நீ ஒண்ணும் பேசாத. நான் பேசுறேன்" என்றாள். பிறகு பஸ்ஸில் மெதுவாக, "நீ நெசமா காப்பி அடிக்கலல்ல?" என்று கேட்டாள்.

"உங்க தாத்தா மேல சத்தியமா இல்லடி."

"சத்தியம் அங்க செல்லாதும்மா."

ஒரு நீள மேசை. தலைவியாக ஓர் அம்மாள், இரண்டு ஆசிரியர்கள், மாணவப் பிரதிநிதிகள் இருவர், ஓரமாக நம் பேராசிரியர். சஹானா எழுந்து விதிமுறை எண்களையெல்லாம் அடுக்கினாள், போன் எதுவும் கைப்பற்றப்படவில்லை என்றாள், பிசிறில்லாத பிரெஞ்சு. எனக்குப் பெருமையாக இருந்தது. தலைவி கடைசிவரை கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"மதாம், அந்த வரிகள் உங்கள் தாளில் எப்படி வந்தன?"

"மனப்பாடம் செய்தேன்."

"அத்தனையுமா? குறியீடுகளோடா?"

"ஆமாம்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். மாணவப் பிரதிநிதியாக வந்த பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். ஒரு மனுஷி கணித நிரூபணத்தை நெட்டுருப் போடுவாள் என்பதை அந்த அறையில் ஒருத்தராலும் நம்ப முடியவில்லை. காரைக்காலில் வேறு மாதிரியும் படிக்கலாம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், அது வேறு விஷயம்.

"இப்போது சொல்ல முடியுமா?" என்றார் தலைவி.

எழுந்து நின்றேன். கை தானாகக் கட்டிக்கொண்டது. ஒப்பித்தேன். எட்டு வரியும், அடைப்புக்குறிகளோடு, கமாக்களோடு, எங்கே பத்தி பிரிகிறதோ அங்கே மூச்சு விட்டு. கடைசியில் 'நம்பிவிட்டீர்களா?' என்பதையும் சொல்லி முடித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பேராசிரியர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்டார். "நீங்கள், மதாம்? நீங்கள் நம்பினீர்களா?"

சரியான பதில் அதுதான் என்று நினைத்து, நான் சத்தமாக "ஆமாம்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் சஹானாவின் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

மோசடி இல்லை என்று பத்து நிமிஷத்தில் தீர்ப்பு. என் பேரில் கறை இல்லை. அந்தக் கேள்விக்குப் பூஜ்ஜியம். மொத்தம் இருபதுக்கு ஒன்பது. தேற பத்து வேண்டும். ஜூனில் மறுதேர்வு எழுதலாம்.

6

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். சஹானா ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

"காப்பி அடிச்சிருந்தாக்கூடப் பரவால்லம்மா" என்றாள். "அது தப்பு, அவ்வளவுதான். புரியுது. இது என்னன்னே எனக்குப் புரியல."

அதற்கப்புறம் இரண்டு மாசம் அவள் வரவில்லை. துணியை அங்கேயே துவைத்துக்கொண்டாள்.

ஷார்ஜாவில் இருக்கிற ஃபரீதாவுக்குப் போன் போட்டு அழுதேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி புள்ளே, நம்ம மேடத்தைக் கையோட கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல. நின்ன இடத்துலயே முழு மார்க் போட்டிருப்பாங்க." சிரித்து முடித்துவிட்டு, "அந்த மூணாவது வரி ஏன்னு எனக்கு இன்னும் தெரியாதுடி" என்றாள். இவ்வளவு வருஷம் அவள் அதை வைத்திருக்கிறாள். நான் எதையும் வைத்திருக்கவில்லை.

அந்த எட்டு வரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒரு வீம்பு. எங்கே தப்பு? பதினெட்டு நாள் ஆயிற்று. நம்பமாட்டீர்கள், ஆறாம் வகுப்பு விஷயத்துக்குப் பதினெட்டு நாள். மதியம் பிள்ளைகளுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தெரிந்தது. ஐயோ, வகுக்கிறானே, அது பூஜ்ஜியமானால்? தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வரிசை கத்தியது. கல்யாணத்தன்றும் பிரசவத்தன்றும்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதைப் படித்தால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரமும் வந்தது. மூன்று வருஷம் என்னை ஒரு கதவுக்கு வெளியிலேயே உட்கார வைத்து, கதவில் இருந்த எழுத்தை நெட்டுருப் போட வைத்து, மிட்டாய் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கேட்கத் தெரியாமல் நானும் வாங்கித் தின்றிருக்கிறேன்.

7

ஜூன் மறுதேர்வு. ஐந்து மார்க் கேள்வி: மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக இருக்கிற சார்பு தன் உச்சத்தைத் தொடும் என்று நிறுவுக. எனக்கு அது இங்கிலீஷிலும் தெரியும், பிரெஞ்சிலும் தெரியும். காரைக்கால் கைடில் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். எழுதினால் தேறிவிடுவேன். ஒரு வருஷம் மிச்சம்.

நாலு வரி எழுதினேன். ஒவ்வொரு வரியும் ஏன் என்று எனக்குப் புரிந்தது. ஐந்தாவது வரி, ஓர் எல்லையை நோக்கிப் போகிற துணைத் தொடர்வரிசை ஒன்று இதிலிருந்து கிடைக்கும் என்று ஆரம்பிக்கும். ஏன் கிடைக்கும்? தெரியவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். வரவில்லை. கை அதுபாட்டுக்கு அடுத்த வரியை எழுதப் பார்த்தது, நான் பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்து, என் சொந்தப் பிரெஞ்சில், பிழையோடுதான் இருக்கும், இப்படி எழுதினேன்: 'அடுத்த வரி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அது ஏன் உண்மை என்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.'

கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதரை. தேறவில்லை. வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "தெரிஞ்சத எழுதித் தொலைச்சிருக்கலாமே வாணி" என்றார். என்னவென்று விளக்க? எழுதியிருக்கலாம்தான்.

ஜூலையில் விடைத்தாளைப் பார்க்க அனுமதித்தார்கள். சஹானாவும் வருகிறேன் என்றாள், ஏன் என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரு பெண் தாளை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஒன்று. ஓரத்தில் பேராசிரியர் சிவப்பில் எழுதியிருந்தார்: 'காரணம் குறிப்பின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் உள்ளது.' அவ்வளவுதான். நேர்மைக்கு அரை மார்க்காவது போடுவார் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் போட்டது சரி. கணிதத்தில் தெரியாது என்பதற்கு மார்க் கிடையாது.

சஹானா அந்த நாலு வரியைப் பார்த்தாள், அவளுக்கு அது புரியாது. அடியில் இருந்த மூன்று வாக்கியத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். பையிலிருந்து போனை எடுத்தாள்.

"படம் எடுக்கக் கூடாது" என்றாள் அலுவலகப் பெண். "விதி."

சட்டம் படிக்கிறவள் சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. போனை உள்ளே வைத்துவிட்டு, தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த மூன்று வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடியும் படித்தாள். என் பிரெஞ்சு, என் பிழைகளோடு. உதடு அசைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிப் பார்த்தாள், திறந்து சரிபார்த்தாள், திரும்பவும் மூடினாள்.

"என்னடி, மனப்பாடம் பண்றியா?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள்.

அந்த ஒரு மனப்பாடத்தை மட்டும் நான் தடுக்கவில்லை.